ஆறாம் அத்தியாயம்: வெளிவராத ஆட்ட யந்திரத்தை மீட்டெடுத்தல்

காசு போட்டு ஆடும் வீடியோ யந்திரம் ஒன்று தொழிற்சாலையில் வகுக்கப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகளாக மட்டும் செய்யப்பட்டு, ஏதேனும் ஒரு விடுதியிலோ விளையாட்டுக் கூடத்திலோ சில வாரங்கள் சோதனைக்கு வைக்கப்பட்டு, அங்கே விழுந்த காசின் கணக்கு முதலாளிகளுக்குத் திருப்தி தராமையால் கைவிடப்பட்டுவிட்டால், அதன் பிறகு அந்த ஆட்டம் உலகத்தில் இருப்பதும் இல்லாமற் போவதும் அந்தச் சில பெட்டிகளுக்குள் செருகியிருக்கும் சில்லுகளைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. 1972-இல் அடாரி ஸ்தாபனத்தார் தங்கள் ‘பாங்’ யந்திரத்தைக் கலிபோர்னியாவின் ஸன்னிவேல் நகரத்தில் ‘ஆண்டி காப்ஸ்’ என்ற மதுக்கடையில் வைத்துச் சோதித்தபோது, அது விரைவிலேயே நின்றுபோக, என்ன கோளாறு என்று பார்க்கப் போனவர்கள் காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததே காரணம் என்று கண்டார்கள். அந்த யந்திரம் உலகெங்கும் பரவியது. எல்லா யந்திரங்களுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதே ஸ்தாபனம் 1982-இல் உருவாக்கிக் கைவிட்ட ‘அக்கா ஆர்’ என்னும் ஆட்டத்தின் பெட்டிகளில் எஞ்சியவை மூன்று என்றுதான் சேகரிப்பாளர்கள் நெடுநாள் சொல்லிவந்தார்கள். அதன் நிரல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2019-இல். 1984-இல் வெளிவந்து பெயர்பெற்ற ‘மார்பிள் மேட்னஸ்’ ஆட்டத்திற்கு இரண்டாம் பாகமாக 1991-இல் செய்து கைவிடப்பட்ட ‘மார்பிள் மேன்’, 2022 வரையில் சிலர் மட்டுமே ஆடிப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது.

இத்தகைய மாதிரி யந்திரமோ, அதிலிருந்து கழற்றப்பட்ட சர்க்யூட் பலகையோ உங்கள் கைக்கு வந்து சேருமானால் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். வரிசைதான் இங்கே முக்கியம். ஸ்விட்சைப் போட்டுத் திரையில் என்ன வருகிறதென்று பார்க்கும் ஆவல் எவருக்கும் இயல்பே. ஆயினும் நாற்பது ஆண்டு பழமையான பவர் சப்ளை ஒன்று தவறான வோல்ட்டேஜை ஒரு விநாடி கொடுத்தாலும், மறுபிரதி இல்லாத நிரல் அந்த விநாடியிலேயே அழிந்துபோகக் கூடும். ஆகையால் முதலில் நிரலைப் படியெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆட்டத்தை அதன் பின்னர் ஆடலாம். பெருவாரியாக விற்பனையான சாதாரண யந்திரத்தைப் பழுது பார்ப்பவரும் இதே வரிசையைக் கைக்கொள்வாரானால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

தொடங்குமுன் சேகரிக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று, நிரல் பதிந்திருக்கும் ஈப்ரோம் சில்லுகளைப் படிக்கும் கருவி ஒன்று, அதை இணைக்க ஒரு கம்ப்யூட்டர், நிலைமின்சாரத்தைத் தரையிறக்கும் மணிக்கட்டுப் பட்டை, அகலம் குறைந்த தட்டையான ஸ்க்ரூ டிரைவர், ஐசோபுரொபைல் ஆல்கஹால், மெல்லிய தூரிகை, ஒளி புகாத ஒட்டுத்தாள், ஒரு நோட்டுப் புத்தகம். ஈயப்பற்று வைக்கும் கோல் இப்போதைக்கு வேண்டாம். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அவசரப்பட்டு அதைப் பிரயோகிக்கவே மனம் போகும்.

மின்சாரமும் பிக்சர் டியூபும்

அமெரிக்க யந்திரங்கள் 110 முதல் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிய யந்திரங்கள் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ 230 வோல்ட். வோல்ட்டேஜைக் குறைக்கக் கடையில் விற்கும் டிரான்ஸ்பார்மர்களில் பல ஒரே சுருளால் ஆனவை. அவை வோல்ட்டேஜைக் குறைக்குமேயன்றி, சுவர் மின்சாரத்திலிருந்து யந்திரத்தைப் பிரித்து வைக்கமாட்டா. பழைய ஆட்ட யந்திரத்து மானிட்டர்கள் பலவற்றில் உலோகச் சட்டமே மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புபட்டிருப்பதால், தனித்தனிச் சுருள்கள் கொண்ட ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் அவசியமாகிறது. பெட்டியின் அடியில் அத்தகைய டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் இருக்கும். இடையில் வந்த மெக்கானிக் எவரேனும் அதை விலக்கி நேரே கம்பி இழுத்திருக்கிறாரா என்று கம்பியைப் பின்தொடர்ந்து பாருங்கள். எர்த் கம்பி துண்டிக்கப்பட்டிருந்தால், வேறெதையும் தொடுமுன் அதைச் சீர்செய்யுங்கள்.

அபாயத்தில் முதலிடம் பிக்சர் டியூபுக்கு உரியது. பத்தொன்பது அங்குல வண்ண டியூபின் ஆனோடில் வேலை நேரத்தில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும்; ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்தக் கண்ணாடிக்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். டெலிவிஷன் பழுதுபார்ப்பில் பழக்கமில்லாதவர் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவரை வரவழைத்து இதைச் செய்விப்பதே சரியான வழி. பழக்கமுள்ளவரும் கீழ்க்கண்ட க்ரமத்தைத் தவறவிடலாகாது.

1. சுவரிலிருந்து செருகியை உருவி, உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி பெட்டியின்மேல் வையுங்கள். ஸ்விட்சை அணைத்தது மட்டும் போதாது.
2. மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அறையில் இன்னொருவர் இருக்கட்டும்.
3. டியூபின் பின்புறத்தைச் சுற்றி இழுத்துக் கட்டியிருக்கும் வெறும் பின்னல் கம்பியில், கிளிப் வைத்த ஒயரின் ஒரு முனையை முதலில் மாட்டுங்கள். மறுமுனையை, நல்ல காப்புள்ள கைப்பிடி கொண்ட நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் உலோகத் தண்டில் மாட்டுங்கள்.
4. ஒரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆனோடை மூடியிருக்கும் ரப்பர்க் குப்பியின் விளிம்புக்கு அடியில் நுழைத்து, உள்ளேயிருக்கும் உலோகக் கொக்கியைத் தொடும்வரை தள்ளுங்கள். ‘டக்’ என்று ஓசை கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம்.
5. சில நிமிஷம் பொறுத்து மறுபடியும் அவ்வாறே செய்யுங்கள். ஒருமுறை இறக்கிய பிறகும் மின்னேற்றம் தானாகவே ஓரளவு திரும்பி வரும்.

எச்சரிக்கை: டியூபின் குறுகிய கழுத்துப் பகுதி மிகவும் மெல்லிய கண்ணாடி. சர்க்யூட் பலகையை வெளியே இழுக்கும் வேகத்தில் முழங்கை அதன்மேல் பட்டு உடைந்த டியூப்கள் அநேகம். மானிட்டரைத் தொடாமல் பலகையை மட்டும் எடுக்க முடியுமானால் அப்படியே எடுத்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்து குறிப்பெடுத்தல்

ஒரு கம்பியைக் கழற்றுவதற்கு முன்னரே எல்லாவற்றையும் படமெடுங்கள். ஒவ்வொரு இணைப்பானும் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எந்த நிறக் கம்பி முதல் முனையில் இருந்தது என்பதை நோட்டில் எழுதுங்கள். 1985-இல் ஜப்பானிய யந்திரத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த ‘ஜாமா’ இணைப்பு முறை வந்த பிறகு, ஒரு பக்கத்துக்கு 28 வீதம் 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பான் பல ஸ்தாபனங்களின் பலகைகளுக்கும் பொதுவாயிற்று. அதற்கு முந்திய பலகைகளிலோ ஒவ்வொரு ஸ்தாபனமும், சில சமயம் ஒவ்வொரு ஆட்டமும், தனக்கென ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தது. மாதிரி யந்திரத்தில் அதுவும் நிச்சயமில்லை. பொறியியல் அறையில் கையால் இழுத்த கம்பிகள் பலகையின் பின்புறத்தில் கொடிபோல் ஓடுவதைக் காணலாம். அவற்றைப் பழுது என்று கருதி ‘ஒழுங்கு’ செய்யப் புகாதீர்கள். வடிவமைத்தவர் கடைசி நேரத்தில் செய்த திருத்தம் அந்தக் கம்பிதான்.

ஜாமா இணைப்பானைத் தலைகீழாகச் செருகுவது சகஜமான தவறு. அப்படிச் செருகினால் 12 வோல்ட் போய்ச் சேருவது பொத்தானின் கம்பிக்கு. பலகையின் உள்ளீட்டுச் சில்லு அத்துடன் முடிந்தது. இதைத் தடுப்பதற்காகவே ஏழாம் முனையில் ஒரு தடுப்புக் கட்டை வைக்க வகை செய்திருக்கிறார்கள். பல பெட்டிகளில் அந்தக் கட்டை எப்போதோ விழுந்துபோயிருக்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைப் பொருத்திவிட்டு மேலே செல்லுங்கள்.

பேட்டரி: எடுப்பதா, விடுவதா?

பழைய பலகையில் பேட்டரியைக் கண்டால் உடனே கழற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரிகளைப் பொறுத்தவரையில் அது சரியே. அவை கசிந்து சுற்றியுள்ள செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். அந்த இடத்தை நீர்த்த வினிகரால் துடைத்து, சுத்தமான நீரால் கழுவி, ஆல்கஹால் தடவி நன்றாக உலர்த்த வேண்டும்.

ஆனால் இந்த விதிக்கு உயிர்நிலையான ஒரு விலக்கு உண்டு. காப்காம் ஸ்தாபனம் 1993-இல் கொண்டுவந்த சி.பி.எஸ்.-2 போன்ற பலகைகளில், நிரலை மறைகுறியிலிருந்து விடுவிக்கும் திறவுகோல் ஒரு சிறு நினைவகத்தில் இருக்கிறது. அந்த நினைவகத்தை விழிப்போடு வைத்திருப்பது அந்தப் பேட்டரி. பேட்டரி தீர்ந்தாலோ கழன்றாலோ திறவுகோல் மறைந்து பலகை ஊமையாகிவிடும். வெளிவந்த ஆட்டங்களின் திறவுகோல்களை ஆர்வலர்கள் பிற்காலத்தில் கண்டறிந்துவிட்டபடியால் அவற்றை மீட்க வழியுண்டு. வெளிவராத ஆட்டத்தின் திறவுகோல் அந்த ஒரு பலகையில் மாத்திரம் இருக்கக் கூடும். ஆகவே பலகை எந்த வகை என்று தீர்மானமாகத் தெரியும்வரையில் பேட்டரியின்மேல் விரல் வைக்காதீர்கள். அத்தகைய பலகையானால், இந்த வேலையில் தேர்ந்தவரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள்.

நிரலைப் படியெடுத்தல்

விற்பனைக்கு வந்த யந்திரங்கள் பலவற்றில் நிரலைத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பதித்த சில்லுகளில் வைப்பது வழக்கம். மாதிரி யந்திரத்தில் நிரல் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தமையால், அழித்து அழித்து எழுதக்கூடிய ஈப்ரோம் சில்லுகளே பெரும்பாலும் இருக்கும். 1971-இல் இன்டெல் ஸ்தாபனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த சாதனம் அது. கறுப்பும் பழுப்புமான பீங்கான் உடலின் நடுவில் ஒரு வட்டக் குவார்ட்ஸ் ஜன்னல். அதன் வழியே உற்றுப் பார்த்தால் உள்ளே சதுரமான சிலிக்கான் துண்டும், அதன் ஓரங்களிலிருந்து நாலாபுறமும் செல்லும் மயிரிழை போன்ற கம்பிகளும் தெரியும். ஜன்னலை மூடிய ஒட்டுத்தாளில் ஆட்டத்தின் பெயர்ச் சுருக்கமும், பலகையில் அதன் ஸ்தானமும், ஒரு தேதியும் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கையெழுத்தே பல சமயங்களில் ஆட்டத்தின் சரித்திரத்திற்குக் கிடைக்கும் ஒரே ஆதாரம். பழைய தாள் அசிங்கமாயிருக்கிறதென்று உரித்துவிடாதீர்கள். அல்ட்ரா வயலட் ஒளி பட்டால் இந்தச் சில்லு அழிந்துபோகும். நேரான சூரிய வெயிலில் ஜன்னல் திறந்து கிடந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், குழல் விளக்கு எரியும் அறையில் சுமார் மூன்று ஆண்டிலும் அழியக்கூடும் என்பது தயாரிப்பாளர்களே கொடுத்த கணக்கு. ஒட்டுத்தாள் விழுந்திருந்தால் உடனே ஒளி புகாத தாளால் மூடிவிட்டு, அதன்மேல் எதையும் எழுதுமுன் படமெடுங்கள்.

1. பலகையை மேஜைமேல் நிலைமின் விரிப்பில் வைத்து, மணிக்கட்டுப் பட்டையை அணியுங்கள். மழையற்ற வறண்ட காலத்தில் இது இரட்டிப்பு அவசியம்.
2. ஒவ்வொரு சில்லின் ஸ்தானத்தையும், அதன் ஒரு முனையில் உள்ள அரைவட்ட வெட்டு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதையும் வரைபடமாகக் குறியுங்கள். ஒரே பலகையில் இரண்டு சில்லுகள் எதிரெதிர் திசை நோக்கியிருப்பதும் உண்டு.
3. ஒரே ஒரு சில்லை மட்டும் எடுங்கள். தட்டை ஸ்க்ரூ டிரைவரைச் சில்லுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே நுழையுங்கள். சாக்கெட்டுக்கும் பலகைக்கும் இடையே நுழைத்தால் செம்புத் தடங்கள் கிழியும். இந்த முனையில் சற்று, அந்த முனையில் சற்று என்று மாறி மாறி நெம்பி, சமமாக மேலே வரச் செய்யுங்கள்.
4. கால்கள் கறுத்திருந்தால் அது வெள்ளிப் பூச்சு கறுத்ததாகும். மெல்லிய தூரிகையும் ஆல்கஹாலும் கொண்டு துடையுங்கள். உப்புத் தாளால் தேய்த்தால் ஏற்கனவே நைந்த கால் ஒடிந்துவிடும்.
5. சில்லின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து, கருவியில் அதே வகையைத் தேர்ந்தெடுங்கள். 2716 என்றால் 2,048 பைட். 2732 என்றால் 4,096. 2764 என்றால் 8,192. 27256 என்றால் 32,768.
6. ‘படி’ என்ற கட்டளையை மட்டும் கொடுங்கள். ‘எழுது’ என்ற கட்டளை பக்கத்திலேயே இருக்கும். விரல் தவறுவதற்கு இடம் கொடாமல் நிதானமாகச் செய்யுங்கள்.
7. படித்ததைச் சேமித்து, சில்லைக் கருவியிலிருந்து எடுத்து மறுபடி செருகி, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் படியுங்கள். மூன்றும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்திருந்தாலன்றி அந்தப் படியை நம்பலாகாது.
8. சில்லை அதே ஸ்தானத்தில், அதே திசையில் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்துச் சில்லுகளை ஒரே தட்டில் கழற்றி வைப்பவர் பின்னர் எது எங்கே இருந்தது என்று தவிப்பார்.

கிடைத்த படியைச் சோதிக்கும் விதம் இது. முழுவதும் ‘எஃப்எஃப்’ என்றே வந்தால், சில்லு வெறுமையாயிருக்கலாம். அதைவிட, ஏதோ ஒரு கால் தொடவில்லை அல்லது வகை தவறு என்பதற்கே வாய்ப்பு மிகுதி. முற்பாதியும் பிற்பாதியும் அட்சரம் பிசகாமல் ஒன்றாயிருந்தால், சிறிய சில்லைப் பெரியதென்று எண்ணித் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் 2532-உம் மற்றவர்களின் 2732-உம் அளவில் ஒன்றே, கால்களின் ஏற்பாட்டில் வேறு. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் வருவது குப்பை. ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு பைட்டுகள் மட்டும் மாறிக்கொண்டே வந்தால், அந்தச் சில்லு தன் மின்னேற்றத்தை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கால்களைச் சுத்தம் செய்து, பலமுறை படித்து, எல்லாப் படிகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவற்றை ஒப்பிட்டுச் சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியும். நிறங்களை நிர்ணயிக்கும் சிறு புரோம் சில்லுகளும் பலகையில் ஒளிந்திருக்கும். பெரியவற்றை மட்டும் படித்துவிட்டு அவற்றை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை.

மின்சாரம் கொடுத்தல்

இப்போது பவர் சப்ளைக்கு வரலாம். அதைப் பலகையோடு இணைத்துச் சோதிக்கக் கூடாது; தனியே சோதிக்க வேண்டும். சுமையில்லாமல் சில பவர் சப்ளைகள் சரியான வோல்ட்டேஜைக் காட்டமாட்டா. ஆகையால் 5 வோல்ட் முனையில் காரின் 21 வாட் பிரேக் விளக்குப் பல்பு ஒன்றைக் கட்டுங்கள். அது சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் அளந்து, கால் மணி நேரம் வோல்ட்டேஜ் நிலையாயிருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸையே போடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் வழக்கம் வீட்டைக் கொளுத்தும் வழக்கம்.

பலகையை இணைத்தபின் அளக்க வேண்டிய இடம் பவர் சப்ளையின் முனை அல்ல, பலகையின்மேலுள்ள ஏதேனும் ஒரு சில்லின் மின்கால். அங்கே 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே போனால் ஆட்டம் தடுமாறும், 5.25-க்கு மேலே போனால் சில்லுகளுக்குச் சேதம். பவர் சப்ளையில் 5.1 இருந்தும் பலகையில் 4.6 மட்டுமே இருந்தால், திருகாணியைத் திருப்பி வோல்ட்டேஜை ஏற்றிவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இணைப்பானைக் கழற்றி 5 வோல்ட் செல்லும் முனைகளைப் பாருங்கள். மற்றவை பொன்னிறமாகவோ ஈய நிறமாகவோ இருக்க, அவை மட்டும் பழுப்பேறி, சுற்றிலும் பிளாஸ்டிக் கருகி இருக்கும். இழந்த அரை வோல்ட் அங்கேதான் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இணைப்பானை மாற்றினால் வோல்ட்டேஜ் தானே சரியாகும்.

திரையில் எழுத்துக் குப்பையாக வந்தால் கலங்க வேண்டாம். பல யந்திரங்களில் காசுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு சோதனை ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால், எந்த நினைவகச் சில்லு கெட்டிருக்கிறது, எந்த நிரல் சில்லின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை பிசகியிருக்கிறது என்று யந்திரமே சொல்லும். மாதிரி யந்திரத்தில் கூட்டுத்தொகை பிசகுவது பழுதின் அடையாளமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. வடிவமைப்பாளர் நிரலைத் திருத்திவிட்டுக் கூட்டுத்தொகையைத் திருத்தாமல் விட்டிருப்பதும் உண்டு. மூன்று படிகளும் ஒத்திருந்தனவா என்று உங்கள் நோட்டைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பரிசுச் சீட்டு யந்திரங்கள்

கைக்கு வரும் யந்திரம் வீடியோ ஆட்டமாக இல்லாமல் பரிசுச் சீட்டு தருவதாகவும் இருக்கலாம். 1908-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ‘ஸ்கீ-பால்’ முதல், வெற்றிக்குச் சீட்டுகளைத் துப்பி, அச்சீட்டுகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் கொடுக்கும் இன்றைய யந்திரங்கள் வரையில், இவற்றின் கோளாறுகள் பெரும்பாலும் யந்திர பாகங்களைச் சேர்ந்தவையே. சீட்டுத் துப்பும் கருவியில் ஒரு மோட்டாரும் ஓர் ஒளி உணரியும் உண்டு. சீட்டின் ஓரத்தில் உள்ள வெட்டு ஒவ்வொன்றும் உணரியைக் கடக்கும்போது ஒரு சீட்டு என்று எண்ணப்படுகிறது. சீட்டு நிற்காமல் ஓடினாலும், ஒன்றும் வராமல் பிழைச் செய்தி வந்தாலும், பலகையைச் சந்தேகிக்குமுன் உணரியில் படிந்திருக்கும் காகிதத் தூளைத் தூரிகையால் அகற்றுங்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் பாகங்கள் உள்ள யந்திரத்தில், மின்சாரத்தை நிறுத்துவதோடு அமையாமல் காற்றையும் வெளியேற்றிவிட்டே கையை உள்ளே விட வேண்டும்.

படியை என்ன செய்வது

பெட்டி உங்களுக்குச் சொந்தமாயிருக்கலாம். அதனுள் இருக்கும் நிரலின் உரிமை அதைச் செய்த ஸ்தாபனத்திடமோ, அதை வாங்கியவரிடமோ இருக்கும். ஆகவே அதை விற்பதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதற்காக, என் பெட்டியின் விலை குறைந்துவிடும் என்று அஞ்சி ஒரே படியை இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். அலமாரிக்கும் கரையான், வெள்ளம், தீ உண்டு. ஆட்டத்தை எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அதை மறுபடி காண அவர்களுக்கும் உரிமை உண்டு. ‘அக்கா ஆர்’ வெளிப்பட்டபின் 2023-இல் அடாரி பெயரிலேயே ஆட்ட வடிவமைப்பாளர் ஜெஃப் மிண்டர் அதைப் புதுவடிவில் செய்து வெளியிட்டார்; படியெடுத்து வெளியிட்டதால் மூலப் பெட்டிகளின் மதிப்புக் குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை.

1. ஒவ்வொரு கோப்புக்கும் சில்லின் ஒட்டுத்தாளில் உள்ளபடியே பெயரிட்டு, பலகையில் அதன் ஸ்தானத்தையும் சேருங்கள்.
2. ஒவ்வொன்றின் சி.ஆர்.சி., ஷா-1 என்னும் சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டுத் தனித் தாளில் எழுதுங்கள். 1997 முதல் பழைய ஆட்டங்களைப் பாதுகாத்துவரும் ‘மேம்’ திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால், இது ஏற்கனவே அறியப்பட்ட பிரதியா, புதிய திருத்தமா என்பது விளங்கும்.
3. மூன்று படிகளை மூன்று வேறு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் ஊருக்கு வெளியே இருக்கட்டும்.
4. புதிய பிரதியாயின், பலகையின் படங்களோடு அந்தத் திட்டத்தாருக்கோ விளையாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்கோ எழுதி, உரிமைப் பிரச்னைகளை அவர்களோடு கலந்து முடிவு செய்யுங்கள்.
5. நீங்கள் கழற்றியது, மாற்றியது, அளந்த வோல்ட்டேஜ், தேதி ஆகியவற்றை ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதி, உறையிலிட்டு, பெட்டியின் உட்கதவில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தக் கதவைத் திறப்பவர் நீங்கள் செய்ததையெல்லாம் மறுபடி தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.